பத்தி ஏழு

தேவகோட்டை சப்கோர்ட்டில்
தமிழாக்க என் மேசைக்கு வந்த மனுவில்
ஏழாவது பத்தி ஒரே வரி.
எதிர்மனுதாரர், பிறகு
போல்ட் என்றொரு வினை, இறந்தகாலத்தில்.
முற்றுப்புள்ளி.

செயப்படுபொருள் இல்லை.
வக்கீல் அருளானந்து அவசரத்தில் விட்டாரா,
தட்டச்சில் உதிர்ந்ததா, தெரியாது.
பின்னால் ஒரு கதவு இருந்தால்
அவள் உள்ளே.
இல்லாவிட்டால்
ஓடிவிட்டாள்.

அகராதியைப் பிரித்தேன்.
குதிரை மிரண்டு லகானை மீறினால் போல்ட்.
பந்தியில் மெல்லாமல் விழுங்கினால் போல்ட்.
வெயில் பொறுக்காத கீரை
இலையை மறந்து கிடுகிடுவெனத் தண்டு நீட்டிப் பூத்தால்
அதுவும்.
மாவு சலிப்பதுகூட. பழைய வழக்கு என்று குறிப்பு.
ஒரு சொல்லுக்குள் இத்தனை குடித்தனம்,
புள்ளிக்கு ஓர் அறை, அறைக்கு ஒரு பூட்டு என்று
பங்காளிகள் பிரித்துக்கொண்ட வீடு மாதிரி.

பேருந்து நிலையத்துக்கு எதிரே
ஒர்க்‌ஷாப் சபரிராஜிடம் கேட்டேன்.
வண்டிக்கடியிலிருந்து தலையை நீட்டாமலே
"எத்தனாம் நம்பர் சார், பன்னண்டா பதிமூணா?" என்றான்.

கம்பி நீட்டினாள் என்று எழுதலாம்.
இரும்பும் வரும், ஓட்டமும் வரும்.
ஆனால் தீர்ப்புக்கு முன்பே வைததாகிவிடும்.
தலைதெறிக்க என்றால்
அருளானந்து தலைக்கு ஆதாரம் கேட்பார்.
தாழ் என்ற சொல்லோ
கதவையும் அடைக்கும், நேரத்தையும் தாழ்த்தும்.
வெள்ளைக்காரன் இரும்புத்துண்டுக்குக் கால் வைத்து விரட்டினான்,
நாம் அதைத் தாமதத்தோடு சேர்த்துக் கட்டிப்போட்டோம்.

மாலை ஐந்தேகாலுக்கு, பியூன் விளக்கை அணைக்க நிற்கையில்,
தாழிட்டாள் என்று எழுதினேன்.
அவள் பெயர் அடைக்கம்மை.
அது ஒரு காரணமா?
வேறு என்னிடம் இல்லை.

விசாரணையன்று அருளானந்து எகிறினார்.
ஓடிப்போனார் என்பதே பொருள்,
மொழிபெயர்ப்பே பிழை என்றார்.
நீதிபதி அவளைப் பார்த்தார்.
"எங்கெங்க ஓடுறது? முகப்புக் கதவை
உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டேன்.
மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, குறுக்கே கட்டை.
அவுக பதினொண்ணரை வரைக்கும் தட்டினாக.
அப்புறம் காரு சத்தம் கேட்டுச்சு."
யாரோ பின்வரிசையில் சிரித்தார்கள்.
நாச்சியப்பன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்,
அது ஓடவில்லை.

என் சொல் நின்றது.
அன்று டீயோடு
ஒரு வெள்ளைப் பணியாரம் கூடுதலாகச் சாப்பிட்டேன்.

அடுத்த வாய்தா ஆவணி இருபது.
டவாலி மூன்று தரம் கூப்பிட்டார்.
அடைக்கம்மை. அடைக்கம்மை. அடைக்கம்மை.
தூணில் பட்டுத் திரும்பி வந்தது பெயர்.

நோட்டீஸோடு கண்டனூர் போன அமீனா வந்து சொன்னார்:
முகப்புக் கதவு உள்ளே தாழ் போட்டபடி.
தட்டிப் பார்த்துவிட்டுத் தெருவைச் சுற்றிப் போனாராம்.
பின்கட்டுக் கதவு ஆவென்று திறந்து கிடந்ததாம்.
கிணற்றடியில் தண்டங்கீரை
பறிக்க ஆளின்றி அவர் தோளுயரத்துக்குப் பூத்து நின்றதாம்.
ஆட்டோ சாகுலுக்கு மட்டும் கொஞ்சம் தெரிந்திருந்தது.
காரைக்குடி நிலையம், விடியற்காலைப் பல்லவன்,
ஒரே ஒரு பெட்டி.
"வண்டி நகர்ந்துருச்சு சார், ஓடித்தான் ஏறுனாக.
மீதி முப்பது ரூவா வாங்கலை."

ஆக, முன்கதவுக்கு என் சொல் சரி,
பின்கதவுக்கு அருளானந்து சரி.
ஆனால் மனுவின் தேதி சித்திரை.
அன்றைக்கு அது பொய்.
ஆவணியில் நடந்ததைச் சித்திரையிலேயே
இறந்தகாலத்தில் எழுதிய வினையை
எந்தக் காலத்தில் திருத்துவது?

கட்டை அவிழ்த்து பத்தி ஏழை எடுத்தேன்.
பென்சிலால் ஓரத்தில் ஓடினாள் என்று எழுதிப் பார்த்தேன்.
நன்றாகத்தான் இருந்தது.
அழித்துவிட்டு, ரப்பர் தூளை ஊதினேன்.